வாய் பேசும், காது கேட்காது

படகு வயர்லெஸ்ஸில் வரும் கோளாறுகளை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். நாம் பேசுவது அடுத்தவருக்குப் போகவில்லை என்பது ஒன்று. அடுத்தவர் பேசுவது நமக்கு வரவில்லை என்பது இன்னொன்று. முதலாவது வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கூப்பிட்டுப் பார்ப்போம், பதில் வராது, கரைக்கு வந்ததும் செட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவோம். இரண்டாவது அப்படி இல்லை. கடலில் செட்டு சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம். யாரும் கூப்பிடாததால் சும்மா இருக்கிறதா, கூப்பிட்டும் கேட்காமல் சும்மா இருக்கிறதா என்று கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. லைட் எரியும், சேனல் நம்பர் தெரியும், மைக்கை எடுத்துப் பேசினால் பக்கத்துப் படகு பதில் சொல்லும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடைக்கு வருவது என்னவோ முதல் வகைதான். காது கேட்காத செட்டை யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை, அது கெட்டிருப்பது அவர்களுக்கே தெரியாதே.

நாகப்பட்டினத்தில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் என்று படகு எலக்ட்ரானிக்ஸ் பார்ப்பது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்து, இஞ்சின் பிரித்து, வயரிங் மாற்றுவது எல்லாம் அப்போதுதான். அதனால் தடை முடிந்து முதல் இரண்டு தங்கல், அதாவது கடலிலேயே சில நாள் தங்கி மீன் பிடிக்கும் பயணம், போய்வந்ததும் எங்கள் கடைகளில் கூட்டம் நிற்கும். புதுப் பெயின்ட், புது வயர், புது விளக்கு, எல்லாமே புதுசு. செட்டு மட்டும் பேசாது. வருகிற ஒவ்வொருவரும் முதலில் சொல்வது "செட்டு போச்சு, மாத்திடலாமா?" என்பதுதான்.

எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே மனசு ஆறாது. ஏனென்றால் பெட்டிக்குள் கோளாறு இருப்பது அபூர்வம். பெட்டிக்கு வெளியே பாட்டரியில் தொடங்கி வயர், மைக், கேபிள், கனெக்டர், ஆன்டெனா, பக்கத்தில் ஓடும் மற்ற மின்சாதனங்கள் வரை கோளாறுக்கு இடம் நிறைய. அதற்கும் மேல், எதிர்ப்படகிலும் இதே வரிசை முழுக்க இருக்கிறது. ஒரு பேச்சு போய்ச்சேர இரண்டு படகும் சரியாக இருக்க வேண்டும். அதனால் செட்டை மேசையில் வைத்ததும் திருப்புளியைத் தேடாமல் நான் கேள்விதான் கேட்பேன். யார் பேசினால் கேட்கிறது? யார் பேசினால் கேட்கவில்லை? உங்களை யாருக்குக் கேட்கிறது? எப்போதிலிருந்து? பகலிலா, ராத்திரியிலா? இஞ்சின் ஓடும்போதா, நின்றபோதா? இதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வழக்கமான இடங்கள்

நேரே பவரில் தொடங்குவோம். 25 வாட் படகு செட்டு, கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. மைக் பொத்தானை அழுத்தியதும் 5, 6 ஆம்பியர் கேட்கும். வயர் மெலிசாக இருந்தாலோ, பியூஸ் ஹோல்டரில் உப்புப் பூத்திருந்தாலோ கேட்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். பேச அழுத்தியதும் டிஸ்பிளே மங்கும், சில செட்டுகள் அணைந்து மறுபடி எரியும். மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு "12.6 வோல்ட் இருக்கே" என்பார்கள். அங்கே இருக்கும்தான். செட்டின் பின்பக்கம் வயர் சேருகிற இடத்தில் மீட்டரை வைத்து, பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது செட்டின் குற்றமில்லை, வயரின் குற்றம்.

அடுத்தது கனெக்டர். ஆன்டெனா கேபிள் முனையில் இருக்கும் பி.எல்.259 என்ற அந்தத் திருகு கனெக்டரைக் கழற்றினால், கடல்காற்றில் கிடந்தது என்றால் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மேலே கொஞ்சம், உள்ளே நிறைய. கேபிளின் கறுப்பு உறையை ஒரு விரலளவு சீவிப் பார்த்தால் உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. கறுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் வெட்டித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் நின்று மனசைத் தேற்றிக்கொண்டு புதுக் கனெக்டர் போட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தொழில் பார்க்கும் தம்பிகளும் இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். செட்டிலிருந்து போகும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை அந்த மீட்டர் காட்டும். 1.5 வரை நல்லது, 2 வரை சமாளிக்கலாம், 3 என்றால் போகும் சக்தியில் கால்வாசி திரும்பி வருகிறது என்று கணக்கு. சரி. ஆனால் மீட்டரைச் செட்டுப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம். கேபிள் நீளமாகவும் தண்ணீர் ஏறியதாகவும் இருந்தால், போகிற சக்தியையும் தின்னும், திரும்பி வருகிற சக்தியையும் தின்னும். திரும்ப ஒன்றும் வந்து சேராததால் மீட்டர் 1.2 என்று அழகாகக் காட்டும். படகு ஊமையாகக் கிடக்கும். அதனால் மேலே ஏறி, ஆன்டெனா இருக்கும் முனையில் எவ்வளவு வாட் வந்து சேருகிறது என்று டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் சோதனைக் கருவி) போட்டு ஒரு தடவை அளந்துவிடுவது நல்லது. மெலிசான ஆர்.ஜி.58 கேபிளை 15 மீட்டருக்கு இழுத்தால், கேபிள் புதுசாக இருந்தால்கூட இந்த அலைவரிசையில் ஏறத்தாழ பாதி சக்தி வழியிலேயே போய்விடும். இதையெல்லாம் விட்டுவிட்டுச் செட்டை மாற்றினால் புதுச் செட்டும் அதே கேபிளில்தானே பேசப் போகிறது.

மைக் வயர், பொத்தான் ரப்பர், பெயின்ட் அடிப்பவர் ஆன்டெனாவுக்கும் சேர்த்து அடித்துவிட்ட அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பெயின்ட் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். நான் எழுத உட்கார்ந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி.

கேட்டும் கேட்காததுபோல்

தடைக்காலம் முடிந்த ஒரு ஜூலையில், ஐம்பது வயது தாண்டிய டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் செட்டு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரண்டு தங்கலுக்கு முன் நடந்ததை நின்றபடியே சொன்னார். ராத்திரியில் அவர் மச்சான் படகின் விசிறியில் வலை சுற்றி இஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் இருந்திருக்கிறது. அந்தப் படகு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இவர் படகு ஏறத்தாழ 3 மைல் தள்ளித்தான் நின்றது, விளக்கு தெரிகிற தூரம். இவர் வரவில்லை. இன்னும் தூரத்தில் இருந்த வேறொரு படகுக்குக் கேட்டு, அவர்கள் வந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஆளுக்கோ படகுக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையில் பேச்சு வேறாக இருந்தது.

"கேட்டுட்டுத்தான் சும்மா கெடந்தேன்னு சொல்றாங்க தம்பி. வலை நெறைய மீன் கெடந்துச்சு, அத விட்டுட்டு வர மனசில்லன்னு மச்சானே சொல்றாரு. எனக்குக் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல."

"செட்ட யார்கிட்டயாவது காட்டினீங்களாண்ணே?"

"காட்டாம? ரிசீவர் போயிடுச்சுன்னாங்க, புதுசே வாங்கிட்டேன். அடுத்த தங்கல்லயும் அதே கததான். பகல்ல கேக்குது, ராத்திரிதான் செத்துப் போவுது. இத சொன்னா நம்புறதுக்கு ஆளில்ல."

அவருக்குச் செட்டு சரியாவது இரண்டாம் பட்சம் என்று எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை என்பதை ஊருக்கு நிரூபிக்க வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார். பகலில் கேட்கும், ராத்திரி கேட்காது என்று ஒருவர் சொன்னால் பலரும் அவரைத்தான் சந்தேகப்படுவார்கள், தூங்கியிருப்பார் என்பார்கள். எனக்கு அது மிக நல்ல தகவலாகத் தோன்றியது. ராத்திரிக்கு என்று படகில் மாறுவது என்ன என்று தேடினால் போதும்.

பகலில் படகுக்குப் போய்ப் பார்த்தேன். பவர் சரி, கேபிள் அந்த வருடம் மாற்றியது, கனெக்டர் சுத்தம், பேச்சும் நன்றாகப் போகிறது. யார் பகலில் வந்து பார்த்தாலும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய படகுதான் அது. அதனால் ராத்திரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்த பைபர் படகு ஒன்று அன்று வேளாங்கண்ணிக்கு நேரே வலை போடப் போவதாக இருந்தது. கையடக்கச் செட்டை ஒரு வாட்டில் வைத்து, கால் மணிக்கு ஒரு தடவை பேசுங்கள் என்று அதிலிருந்த தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். சிக்னல் பலவீனமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம். பக்கத்தில் இருந்து 25 வாட்டில் கத்தினால் எந்தக் கோளாறும் வெளியே வராது.

விளக்கை அணைத்தபோது

படகில் ஏறியதும் வழக்கமாக ராத்திரியில் என்னென்ன எரியுமோ எல்லாவற்றையும் போடச் சொன்னேன். கேபினுக்குள் இரண்டு, முன்பக்க அணியத்தில் ஒன்று, தளத்தில் வலை பார்க்கப் பெரிய ஃபிளட் லைட், மாஸ்ட் என்ற கம்பத்தின் உச்சியில் ஒன்று. எல்லாமே எல்.இ.டி., எல்லாமே அந்தத் தடைக்காலத்தில் போட்டவை. (மீன்பிடிக்க எல்.இ.டி. வெளிச்சம் பயன்படுத்துவதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது நினைவிருக்கும். நான் சொல்வது அந்த விளக்குகள் இல்லை. ஆள் நடமாட, வேலை பார்க்கப் போடும் சாதாரண விளக்குகள்.) அப்புறம் செட்டைப் பார்த்தேன். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழ் முக்கால்வாசிக்கு மேல் திருப்பியிருந்தது.

"இத யாருண்ணே இவ்ளோ ஏத்தி வச்சது?"

"நாந்தான். ராத்திரியானா சர்ருன்னு எரைச்சல் தம்பி, காதுல வச்சுக்க முடியல. அத திருப்பினா நின்னுடுது."

குமிழை மெல்ல இறக்கினேன். பாதியை நெருங்கும்போதே சர்ரென்று இரைச்சல் கிளம்பியது. வேளாங்கண்ணிப் பக்கத்துத் தம்பி பேசும் நேரம் வந்தும் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். இரைச்சல் சட்டென்று நின்றது. அந்த இருட்டில் குமிழை இன்னும் இறக்கி, இயல்பாக இரைச்சல் எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்தினேன். பிறகு ஒவ்வொரு விளக்காகப் போடச் சொன்னேன். கேபின் விளக்கு, ஒன்றும் ஆகவில்லை. அணியம், ஒன்றும் இல்லை. ஃபிளட் லைட்டுக்கு லேசாக ஒரு சிணுங்கல். மாஸ்ட் விளக்கைப் போட்டதும் ஸ்பீக்கர் அலறியது. அணைத்தால் நிற்கிறது, போட்டால் அலறுகிறது. டிரைவர் தானே சுவிட்சைப் பிடித்துக்கொண்டு போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கு அணைந்திருந்த ஒரு நேரத்தில் தம்பியின் குரல் வந்தது, மெலிசாக, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக. "அண்ணே, கேக்குதா, ஓவர்." சுவிட்சைப் போட்டார். குரல் இரைச்சலுக்குள் போய்விட்டது.

நடந்தது இதுதான். எல்.இ.டி. விளக்குக்குள் வோல்ட்டேஜை மாற்றிக் கொடுக்க ஒரு சிறிய சர்க்யூட் இருக்கிறது. அது நொடிக்குப் பல ஆயிரம், சிலவற்றில் லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். அந்த வேகமான வெட்டுகள் விளக்கோடு நின்றுவிடுவதில்லை. அதன் மடங்குகள் 156 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் படகு செட்டு வேலை செய்யும் இடம் வரை ஏறி வரும். ஒழுங்காகச் செய்த விளக்கில் அதை அடக்க வடிகட்டி வைத்திருப்பார்கள். மலிவு விளக்கில் முதலில் மிச்சம் பிடிப்பதே அதில்தான். இந்தப் படகில் விளக்கும் ஆன்டெனாவும் ஒரே மாஸ்ட்டில், ஒரு முழம் இடைவெளியில். விளக்கின் வயரையும் ஆன்டெனா கேபிளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிக் கீழே கொண்டுவந்திருந்தார்கள். விளக்கின் வயரே இரைச்சலுக்கு ஆன்டெனாவாகிவிட்டது.

இதற்கு மேல்தான் உண்மையான கேடு. இரைச்சல் தாங்காமல் மனிதர் ஸ்குவெல்ச்சை ஏற்றுகிறார். ஸ்குவெல்ச் என்பது வாசற்கதவு மாதிரி. எவ்வளவு பலமாகத் தட்டினால் திறக்கலாம் என்று நாம்தான் அதற்குச் சொல்கிறோம். ஏற்றி வைத்தால் இரைச்சல் வராது, பலவீனமான குரலும் வராது. பக்கத்துப் படகுகள் மட்டும் வரும். அதனால் செட்டு நன்றாக இருப்பதாகவே தோன்றும். மச்சான் படகு 3 மைல்தான் தள்ளி நின்றது, ஆனால் இஞ்சின் நின்று பாட்டரி இறங்கிய நிலையில் அவர்கள் செட்டு எத்தனை வாட் வெளியே தள்ளியதோ. அந்தப் பலவீனமான குரலுக்கு இந்தப் பக்கம் கதவு திறக்கவில்லை. இரைச்சல் இல்லாத படகு ஒன்று அதைவிடத் தூரத்தில் இருந்தும் கேட்டுவிட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதைப் பற்றியே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கப்பல்களிலும் படகுகளிலும் போடும் எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். செட்டையும் (நம் படகு வயர்லெஸ் இந்த வகைதான்), கப்பல்களின் அடையாளமும் இடமும் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியையும் கேட்கவிடாமல் செய்கின்றன என்று. ஒரு துறைமுகத்து மீட்பு மையத்தால் ஒரு கப்பலை வி.எச்.எஃப்.பில் தொடர்புகொள்ளவே முடியாமல் போனதை உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். நான் அன்று இருட்டில் செய்த சோதனையும் அந்த எச்சரிக்கையில் எழுதியிருந்ததுதான். ஆளில்லாத சேனலுக்குப் போ, விளக்கை அணை, ஸ்குவெல்ச்சை இரைச்சல் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே வை, விளக்கைப் போடு, இரைச்சல் வந்தால் விளக்குதான். மீட்டர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். இவ்வளவு எளிமையான ஒன்று ஒவ்வொரு படகுக்கும் போய்ச்சேரவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல்.

அன்று மாஸ்ட் விளக்கைக் கழற்றிப் பழைய குண்டு பல்பையே போட்டோம். பிறகு வயர்களைப் பிரித்து, மாஸ்ட்டின் இரண்டு பக்கமாக இறக்கி, நல்ல விளக்கு ஒன்று வாங்கி, அதன் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டி, அதே சோதனையைச் செய்த பிறகுதான் விட்டேன். டிரைவர் அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். மச்சானைக் கூட்டிவந்து, கழற்றிய விளக்கை மறுபடி மாட்டச் சொல்லி, சுவிட்சை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மச்சான் போட்டார், அணைத்தார், திரும்பவும் போட்டார். "சரி, கெளம்பலாம்" என்று மட்டும் சொன்னார். அவர்களுக்குள் பிறகு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒருவர் பொத்தானை விடாவிட்டால்

கேட்காமல் போவதற்கு நம் செட்டே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கோ ஒரு படகில் மைக் இடுக்கில் மாட்டியோ, உப்பில் பொத்தான் ஒட்டியோ, அழுத்தியபடியே கிடக்கும். இஞ்சின் சத்தமும் பாட்டும் ஆட்கள் பேச்சும் சேனல் முழுக்க ஓடும். நம் செட்டு எஃப்.எம். முறையில் பேசுவது. இந்த வகை ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது. பலமான சிக்னல் பலவீனமானதை முழுசாக விழுங்கிவிடும். விமானங்களில் இன்னும் ஏ.எம். முறையை வைத்திருப்பதில் உள்ள வசதி இதுதான். அங்கே இருவர் சேர்ந்து பேசினால் ஒரு கீச்சொலியாவது வந்து, இன்னொருவரும் பேசுகிறார் என்று தெரியும். நம் செட்டில் அதுவும் தெரியாது. இந்த ஒட்டிய பொத்தான் 16-ஆம் சேனலில் இருந்துவிட்டால், அதாவது ஆபத்துக்குக் கூப்பிடும் சேனலில், சுற்றுவட்டாரமே செவிடாகிவிடும். பொத்தானை ஒட்டவைத்திருப்பவருக்கு மட்டும் இது தெரியவே தெரியாது, அவர் செட்டு பேசிக்கொண்டிருப்பதால் அதற்கு எதுவும் கேட்காது. சேனலை மாற்றிக் கூப்பிட்டாலும் பயனில்லை. அடையாளம் தெரிந்தால் போனில் கூப்பிடலாம், கிட்டே இருந்தால் போய்ச் சொல்லலாம், அவ்வளவுதான். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அழுத்தியிருந்தால் தானே நிறுத்திவிடும் வசதி உள்ள செட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திருவிழாக் கூட்டத்தில் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் வாக்கி-டாக்கியில் வேறொரு செவிட்டுத்தனம் உண்டு. ஒருவர் பேசும்போது நம் செட்டில் லைட் எரியும், சத்தம் வராது. அது டோன் பொருந்தாத கேஸ். பேச்சோடு சேர்த்து 67 ஹெர்ட்ஸிலிருந்து 254 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஒரு மெல்லிய டோனை அனுப்பி, அந்த டோன் வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திற என்று வைத்திருப்பார்கள். ஒரு செட்டில் டோன் மாறியிருந்தால் அந்த ஆள் மட்டும் தனித்துவிடுவார். டோன் போட்டால் நம் பேச்சு மற்றவருக்குக் கேட்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மற்றவர் பேச்சுதான் நமக்குக் கேட்காது. நாம் பேசுவது எல்லோருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்தும்போதே பேசத் தொடங்கினால் முதல் வார்த்தை விட்டுப்போகும். பேச்சு முடியும்போதே கையை எடுத்தால் கடைசி வார்த்தை விட்டுப்போகும். நாம் பேசும் பேச்சில் மறுப்பெல்லாம் கடைசியில்தான் வரும். "இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்று சொன்னவர் அவசரத்தில் பொத்தானை விட்டு, எதிராளி காதில் "இந்தப் பக்கம் வர" என்பதுவரை போய்ச்சேர்ந்ததை நானே கேட்டிருக்கிறேன். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பேசி, ஒரு மூச்சு விட்டு, கையை எடுங்கள்.

தூரம்

"பவரான செட்டா குடு தம்பி" என்று கேட்பவர்களுக்கு நான் காகிதத்தில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது, பூமி வளைகிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் எல்லை கிலோமீட்டரில் வரும். இரண்டு படகின் எல்லையையும் கூட்ட வேண்டும். இரண்டிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் என்றால் 16 கிலோமீட்டர் சொச்சம், அதாவது 9 கடல்மைல். இரண்டிலும் 9 மீட்டருக்கு ஏற்றினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், 13 கடல்மைல். வாட்டைக் கூட்டினால் எல்லைக்குள் பேச்சு தெளிவாகும், எல்லை பெரிதாக நகராது. கூட்டுகிற வாட்டு நம் வாய்க்குத்தான், காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆன்டெனா உயரமும் சுத்தமான கேபிளும் இரண்டுக்கும் சேர்த்து.

"போன பங்குனியில இலங்கைப் பக்கத்துல யாரோ பேசினது பக்கத்துல நின்னு பேசினா மாரி கேட்டுச்சே, இப்ப ஏன் கேக்கல?" என்று வருபவர்களும் உண்டு. காற்றில்லாத வெயில் காலத்தில் கடலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நின்று, அலையை வளைத்து நெடுந்தூரம் கொண்டுபோகும். நாகையில் இலங்கை எஃப்.எம். திடீரென்று தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். அது அந்த நாளின் வானிலை கொடுத்தது. அதை வைத்துச் செட்டின் தூரத்தை முடிவு செய்துவிட்டால், வானிலை மாறியதும் நல்ல செட்டைக் கெட்டதென்று சொல்லிவிடுவோம்.

எந்தப் பழுதும் இல்லாமலே கேட்காமல் போகும் தூரமும் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல, கரையிலிருந்து வி.எச்.எஃப். எட்டவே முடியாத தூரத்தில் இருந்தன. கரையிலிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் பூமியின் வளைவைத் தாண்டி அந்தக் குரல் போகாது. அதற்கு சாட்டிலைட் போனும், செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை வாங்கும் கருவியும்தான் வழி. வயர்லெஸ் இருக்கிறதே என்று ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான் எவ்வளவு நன்றாகச் செட்டைச் சரி செய்து கொடுத்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லைக்கு உள்ளே கேட்காமல் போனால்தான் அது என் பொறுப்பு.

அந்த மாஸ்ட் விளக்கு விஷயத்துக்குப் பிறகு, ஜூன் 14-க்கு முந்தின வாரத்தில் ராத்திரி வேலையைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். படகில் எல்லாச் சுவிட்சையும் போடச் சொல்லி, ஸ்குவெல்ச்சை இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். விளக்கைத் தவிர வேறு ஆட்களும் மாட்டுகிறார்கள். செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஒரு படகில் டி.வி. செட்டாப் பாக்ஸ். இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர், அதற்குத் தனியாக வடிகட்டி போட வேண்டும். டிரைவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். தங்கலுக்குப் போன முதல் ராத்திரி, விளக்கெல்லாம் எரியும்போதே, 5 மைலுக்கு அப்பால் நிற்கும் ஒரு படகை ஒரு வாட்டுக்கு இறக்கிப் பேசச் சொல்லுங்கள். 16-ஆம் சேனலில் வேண்டாம், வேறு சேனலில். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பேசச் சொல்லுங்கள், அப்புறம் கரைக்கு வந்து எனக்குச் சொல்லுங்கள், எந்த விளக்கை அணைத்தபோது கேட்டது என்று.